அவிக்காத பதினான்கு இட்லி

எண்ணிவிட்டேன் தம்பி. இன்றைக்குப் பதினோரு பேர். உள்ளே டாக்டர் சாஜிதா, உட்கார்த்திப் பேசுகிற எஸ்தர் மேடம், எடை பார்க்கிற கலைவாணி சிஸ்டர், மூன்று பேர். மேசையில் பெயர் எழுதுகிற பெண்ணோடு நாலு. அந்தப் பச்சைச் சேலை அம்மாவும் அவர் மகளும், ஆறு. ஜன்னல் பக்கம் ஒரு பெண், அவள் எப்போதும் துணையில்லாமல்தான் வருவாள், ஏழு. நீங்களும் உங்கள் மகனும், ஒன்பது. நானும், எஸ்தர் மேடம் அறைக்குள் இருக்கிற என் மகள் தாரணியும், பதினொன்று. போன வியாழக்கிழமை பதின்மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

தப்பாக நினைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே எனக்குக் குரல் வராது. ஆனால் உங்கள் பையனை சிஸ்டர் கூட்டிப் போனதிலிருந்து நீங்கள் அந்த ஃபைலை மூன்று தடவை தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள். பதினேழு வாரத்துக்கு முன்னால் நானும் இதே வரிசையில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன். பயப்படாதீர்கள். எனக்கெல்லாம் பயமில்லை. இந்தத் தரையில் வரிசைக்கு எட்டுக் கல், ஆறு வரிசை, நாற்பத்தெட்டு. எண்ணிக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது.

என்ன கேட்டீர்கள்? பையன்களுக்குக்கூட இந்தச் சாப்பிடாத சீக்கு வருமா என்றா? வரும் தம்பி. உங்களுக்கு முன்னால் இரண்டு பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகினவன்.

முதலில் எடை பார்ப்பார்கள். மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பார்கள். பிள்ளை எண்ணைப் பார்க்கக் கூடாது. அப்புறம் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம். ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுப்பார்கள். பிறகு டாக்டர் பத்து நிமிஷம், எஸ்தர் மேடம் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பதுக்கு நம்மை உள்ளே விட மாட்டார்கள்.

முதல் நாள் நான் சிஸ்டரிடம் கேட்டேன். "எத்தனை கிலோன்னு எனக்கு மட்டும் சொல்லுத்தா. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"எண்ணெல்லாம் வேண்டாம்மா. ஏறியிருக்கு, நிக்குது, இறங்கியிருக்கு. மூணுல ஒண்ணு சொல்லுவேன். அவ்வளவுதான்."

எண்ணியே பிழைத்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் இருபத்தெட்டு வருஷம் சமைத்தவள். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் தலை எண்ணுவதும் முட்டை எண்ணுவதும் என் பொறுப்பு. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளை வந்தால் நூற்றுப் பன்னிரண்டு முட்டை வேகும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. சாப்பிட்ட தட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் குழாயடிக்குப் போகலாம். அது நானே வைத்த சட்டம். "சீனியம்மா ஆயா கண்ணுல ஒரு பருக்கை தப்பாது" என்று வாத்தியார்கள் சிரிப்பார்கள். என் சமையலில் ஒரு பிள்ளை பசியோடு வீட்டுக்குப் போனதில்லை. அதை நான் கோயிலில் வைத்துக்கூடச் சொல்லுவேன்.

வீட்டிலும் அதே சட்டம்தான். தாரணி தட்டைக் காட்டுவாள். தட்டு காலியாக இருக்கும். "சமத்து" என்பேன். அவள் எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள். பவதாரணி என்று ஜோசியர் எழுத்துப் பார்த்து வைத்த பெயர். அவள் அப்பா போய் ஆறு வருஷம். எனக்கு அவள் ஒருத்தி.

பன்னிரண்டாவது முடித்த லீவில் காற்று வாங்குகிறேன் என்று கொல்லைப்புறப் படியில் தட்டோடு உட்கார ஆரம்பித்தாள். பிள்ளை காற்று வாங்கட்டுமே என்று இருந்தேன். கொஞ்சம் மெலிந்தாள். என் நாத்தனார் வந்தபோது, "இப்பத்தான் காலேஜுப் பொண்ணு மாதிரி இருக்க, இப்படியே இரு" என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை எஸ்தர் மேடம் ஏன் நோட்டில் எழுதிக்கொண்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சிரித்தது ஒரு குற்றமா?

பிறகு கை எப்போதும் குளிர்ந்து கிடந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இன்னும் ஒன்று, பெண்பிள்ளைகள் விஷயம், அதை உங்களிடம் சொல்வதற்கில்லை. கண்ணேறு என்று சுற்றிப் போட்டேன். எங்கள் ஊர் டாக்டர் டானிக் எழுதினார். டானிக் பாட்டிலும் கணக்காகத்தான் காலியானது.

ஒரு நாள் பின்வீட்டு மாரியாயி வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"மதினி, உங்க வீட்டு இட்லி தின்னு தின்னு எங்க கிடா புல்லைத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. இனிமே கொஞ்சம் சட்னியையும் சேத்து ஊத்தச் சொல்லுங்க உங்க மகளை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் கிடா பளபளவென்று நிற்கிறது. ஐந்து மாதமாக நான் எண்ணியது தட்டை, தம்பி. வாயை எண்ணவில்லை.

அன்றைக்கு நான் அவளை அடித்தேன். ஒரு அடி. ஒன்றுதான். நீங்கள் அடித்துவிடாதீர்கள். இது திமிர் இல்லையாம், சீக்காம். காய்ச்சல் வந்த பிள்ளையை ஏன் காய்கிறாய் என்று அடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். பெற்றவர்களாலும் வந்தது இல்லையாம். ஆனால் வேலை மட்டும் நமக்குத்தானாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று வேளை சிற்றுண்டி, நேரம் தவறக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். குண்டு, ஒல்லி என்ற பேச்சே வீட்டில் ஆகாது. "நல்லாத் தேறிட்டியே" என்றுகூடச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்குமாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்கக் கூடாது. "கஷ்டமா இருக்குன்னு தெரியுது, அடுத்த வாய் எடு." அதுதான் சொல்ல வேண்டிய வார்த்தை. நான் அட்டையில் எழுதி அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு நோட்டுத் தருவார்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. இது என் வேலை அல்லவா? கோடு போட்டு, தேதி போட்டு, ஐந்து வாரம் எழுதினேன். டாக்டரே, "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதறதில்லம்மா" என்றார்.

ஆறாவது வாரம். அதற்கு முந்தின இரண்டு வாரமும் சிஸ்டர் "இறங்கியிருக்கு" என்று சொல்லியிருந்தார். இன்னொரு வாரமும் சாப்பாடு குறைந்தால் வார்டில் சேர்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் காலையில் அவளுக்கு மூன்று இட்லி கணக்கு. ஏழு நாளும் ஒன்றுதான் இறங்கியது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஏழு தடவை எழுதியிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் தாரணி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, மூணுன்னு எழுதும்மா. இந்த ஒரு வாரம் மட்டும். வார்டுல போட்டா காலேஜ்ல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிடும். மெண்டல் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாளுக. அடுத்த வாரம் நான் நெசமாவே சாப்பிடுறேன். சாமி சத்தியம்."

"தப்புக் கணக்கு நான் எழுதினதில்லத்தா."

"எனக்காகக்கூடவா எழுத மாட்ட?"

அவளுக்காக மட்டும் என்று உங்களிடம் சொன்னால் அதுவும் தப்புக் கணக்கு. வார்டு என்ற சொல்லுக்கு நானும் பயந்தேன். நாத்தனார் என்ன சொல்வாள், இவளை நாளைக்கு யார் கட்டுவார்கள், எல்லாம் ஓடியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் கோடு போட்டு எழுதினேன். ஒன்றுக்குப் பதிலாக மூன்று. நாளைக்கு இரண்டு கூட, ஏழு நாளைக்குப் பதினான்கு. பதினான்கு இட்லி, தம்பி. நான் மாவாட்டாத, நான் அவிக்காத, ஒருவரும் தின்னாத பதினான்கு இட்லி. கையெழுத்து மட்டும் எப்போதையும்விட அழகாக இருந்தது.

மறுநாள் சிஸ்டர், "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். டாக்டர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாப்பாடு சரியாத்தான் போயிருக்கு. நீங்க எழுதினா தப்பிருக்காது. இன்னும் ஒரு வாரம் வீட்லயே பாப்போம்." தாரணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஐஸ் மாதிரி கை.

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டாள். பூக்காரம்மா மடியில் கிடந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம். உடம்பில் உப்புச் சத்துக் குறைந்து நாடி அடங்கிப் போயிருந்தது. ஒன்பது நாள் வார்டில் இருந்தாள். அங்கேயும் சாப்பாட்டை ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார்கள். காய்ந்த உடம்புக்கு அதுவும் ஆபத்தாம். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான் மானிட்டரில் ஓடுகிற கோட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மேடு முடிந்து அடுத்த மேடு வருவதற்குள் நான் எத்தனை தடவை செத்தேன் என்பதற்குத்தான் கணக்கில்லை.

மூன்றாம் நாள் எஸ்தர் மேடம் பார்க்க வந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். "பதினாலு இட்லி நான் பொய்யா எழுதினேன் மேடம்." திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "சொன்னது நல்லதும்மா" என்றார். "இனி நோட்டு உங்க கையில வேண்டாம். தாரணியே எழுதட்டும். நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்."

போதுமாம். வேலையிலிருந்து நீக்கியது மாதிரி இருந்தது எனக்கு.

அதோடு விட்டாரா? "நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். என்ன கேள்வி பாருங்கள். சீக்கு அவளுக்கு. நான் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மீதி இருப்பதைச் சாப்பிடுவேன். மையத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டு மிச்சம் எவ்வளவோ அவ்வளவு. மிச்சம் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் மோர். வீட்டிலும் அப்படித்தான், நின்றுகொண்டே இரண்டு வாய். அடுப்படிக்காரிக்கு அதற்குமேல் எதற்கு? இதைச் சொன்னதும் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் பசி நேரம் போலிருக்கிறது.

வார்டிலிருந்து வந்த பிறகு மறுபடியும் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக இங்கே. ஏறியிருக்கு. ஏறியிருக்கு. நிக்குது. ஏறியிருக்கு. ஒவ்வொன்றும் எனக்குத் தேதியோடு தெரியும். ஆனால் போன வாரம், "இறங்கியிருக்கு." இன்றைக்குக் காலையில் மறுபடியும், "இறங்கியிருக்கு." நீங்கள் உள்ளே வந்தீர்களே, அதற்குச் சற்று முன்னால்தான். இன்றைக்கு எஸ்தர் மேடம் அறையிலேயே மதியச் சாப்பாடு. அங்கே அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்த்துவிட்டு, வார்டா வீடா என்று டாக்டர் முடிவு சொல்வார். இந்தத் தடவை போனால் எத்தனை நாள் என்று தெரியாது. திரும்பி வருவாளா என்று... இல்லை, வருவாள். வருவாள்.

இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆறு இட்லி இருக்கிறது இந்த டப்பாவில். எனக்கு எதற்கு மூன்று? அவள் தப்பித் தவறி இன்னொன்று கேட்டால் கைவசம் இருக்கட்டுமே என்றுதான் வைத்தேன்.

இருங்கள். என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டரை. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. டப்பாவை மட்டும் எடுத்துப் போகிறேன்.

*

நல்லவேளை, நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். பையன் டாக்டரிடமா? சரி, சரி. தாரணியும் அங்கேதான் வாசலில் நிற்கிறாள். வருவாள். தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

உள்ளே ஒரு சின்ன மேசை, மூன்று நாற்காலி. மேடம் இரண்டு தட்டை எடுத்து வைத்து, ஆளுக்கு மூன்று என்று இட்லியைப் பிரித்தார். சாம்பார் ஊற்றினார். தாரணி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பாம்பைப் பார்க்கிற மாதிரிதான் எப்போதும் பார்ப்பாள்.

"அவ முதல்ல சாப்பிடட்டும் மேடம்" என்றேன். "மீதியை நான் பாத்துக்கிறேன்."

"இன்னிக்கு மீதி வேலை உனக்கு இல்லைம்மா" என்றாள் தாரணி. "அது உன் தட்டு. உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் ஒரு விள்ளல் எடுத்தாள். வாயில் வைத்தாள்.

"எண்ணாதம்மா."

"எண்ணலையே."

"உதடு அசையுது."

மேடம் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கியது. வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் நானும் ஒரு விள்ளல் வைத்தேன். தம்பி, அது உள்ளே போகவில்லை. இரண்டு பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். அறுபத்தொரு வயதில் நான் தின்பதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மெல்லுகிறேன், மெல்லுகிறேன், மாவு மாதிரி வாய்க்குள்ளேயே சுற்றுகிறது. நான் அவித்த இட்லிதான். பூப் போல இட்லி. தொண்டை வாங்க மாட்டேன் என்கிறது. எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"போதும் மேடம், எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இதே வார்த்தையை இவள் எத்தனை நாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்.

தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள். "கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா. அடுத்த வாய் எடு."

எடுத்தேன்.

"ஒரு மடக்குத் தண்ணி. ம். மெதுவா. இன்னும் இருபது நிமிசம் இருக்கு, யாரும் விரட்டல." எனக்குச் சொல்லிக்கொண்டே, தான் செய்வது தெரியாதவள் மாதிரி, அவளும் பிட்டு வாயில் வைத்தாள். நான் ஒன்று, அவள் ஒன்று. ஒரு தடவை நிறுத்தி அழுதாள். அழுகை வந்தால் வரட்டும் என்று மேடம் காத்திருந்தார். மறுபடி எடுத்தாள். நான் எண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அதனால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.

அப்புறம் டாக்டர் வந்து தட்டைப் பார்த்தார். அவரும் மேடமும் இங்கிலீஷில் பேசினார்கள். கடைசியில் தமிழில் சொன்னார். இந்த வாரம் வீடு. ஆனால் திங்கட்கிழமையே வந்து எடையும் ரத்தமும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமையும் இறங்கியிருந்தால் கேள்வியே இல்லை, வார்டு. இடையில் நாலு நாள். நாலு நாளைக்குச் சாப்பாடு பன்னிரண்டு வேளை, சிற்றுண்டி பன்னிரண்டு வேளை. இனி எல்லா வேளையும் நானும் தட்டுப் போட்டு அவள் எதிரில் உட்கார வேண்டுமாம். அவள் சீக்குக்கு நான் ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது தம்பி. முதலில் இல்லை என்று சொன்னேன், அது சரியில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது.

எழுந்திருக்கும்போது வழக்கப்படி இரண்டு தட்டையும் என் பக்கம் இழுத்தேன், மிச்சத்தை வழித்து வாயில் போட. தாரணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை இன்னும் குளிர்தான்.

"விடும்மா. இருக்கட்டும்."

விட்டுவிட்டு வந்தேன். சோற்றுப் பண்டத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தது என் ஆயுசில் இன்றைக்குத்தான். அவள் தட்டில் அரை. என் தட்டில் ஒன்றேகால். மேசையில் இருப்பது ஒன்றே முக்கால் இட்லி.